போனை அணைத்துவிட்டு ஓடுவதற்கு முன்னால் ஒரு லீவு போடுங்கள்

குழு லோன் தவணை வசூலிக்கும் எங்கள் தொழிலில் ராஜினாமாக் கடிதம் எழுதி வேலையை விடுகிறவர்கள் குறைவு. ஒரு நாள் காலையில் சென்டருக்கு, அதாவது குழுக்காரர்கள் கூடித் தவணை கட்டும் இடத்துக்கு, வசூலிக்க ஆள் வரவில்லை என்று கஸ்டமரே பிராஞ்சுக்குப் போன் பண்ணுவார்கள். அந்த வசூல்காரனுக்கு அடித்தால் சுவிட்ச் ஆப். இரண்டு நாள் கழித்து யாராவது அவன் வீட்டுக்குப் போய், வசூலைப் பதிகிற கம்பெனி டேபை வாங்கி வருவார்கள். "பய நின்னுட்டான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆபீஸ் ரெக்கார்டில் அதற்கு அப்ஸ்காண்ட் என்று பெயர். அனுபவச் சான்றிதழ் கிடையாது, கடைசி மாதச் சம்பளம் இழுபறி, பி.எஃப். பணத்துக்கு அலைச்சல். போதாததற்கு, அவன் பார்த்த சென்டரில் பத்து ரூபாய் குறைந்தாலும் அவன் தலையில்தான் விழும்.

அப்படி ஓடியவர்கள் எல்லோரையும் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இடம் வரைக்கும் நானும் போனவன். ஆனால் போனை அணைக்காமல், முறையாக மருத்துவ விடுப்பு எடுத்தேன். காய்ச்சலுக்கும் மஞ்சள் காமாலைக்கும் லீவு எடுப்பது போல மனசு முடியாமல் போனதற்கும் லீவு எடுக்கலாம் என்பது நம்ம ஊர்ப் பக்கம் பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கும் எந்த வாசலில் நுழைவது என்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குழு லோன் கொடுக்கும் நிறுவனத்தில் கள அலுவலர். சேரன்மகாதேவியில் ஆரம்பித்து வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், அந்தப் பக்கம் முக்கூடல் வரை என் லைன். காலை ஏழு மணிக்கு முதல் சென்டர். பாதி கஸ்டமர் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். பேசிக்கொண்டே இருப்பார்கள், விரல் மட்டும் நிற்காது. ஐந்து பேர் குழுவில் ஒருத்தியால் கட்ட முடியாவிட்டால் மற்ற நான்கு பேரும் சேர்ந்து போட வேண்டும் என்பது ஏற்பாடு. போட மாட்டார்கள். அவர்களும்தான் எங்கே போவார்கள்? "சார், பீடிக் கடையில சனிக்கிழமதான் ரூவா போடுவாவ. ரெண்டு நாளு பொறுக்கக் கூடாதா?" என்பார்கள். பொறுக்கலாம், நான் பொறுப்பேன். ஏரியா மேனேஜர் பொறுக்க மாட்டார். பணம் வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திரு என்பது உத்தரவு. வேலையில் பெரும்பங்கு இந்த உட்கார்ந்திருப்பதுதான். நான் உட்கார்ந்திருக்க, எதிரே ஒரு அம்மா பாத்திரத்தை உருட்டிக்கொண்டு அழ, பாக்கெட்டில் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். யார் எவ்வளவு பாக்கி என்று பேரைச் சொல்லித் திட்டுகிற வாய்ஸ். அதை எல்லோரும் கேட்பார்கள்.

இப்படியே வருடக்கணக்கில் ஓடியது. முதலில் போனது தூக்கம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வயிறு கலக்கும். பிறகு நோட்டு எண்ணும்போது கணக்கு நழுவ ஆரம்பித்தது. ஐநூறு ரூபாய்க் கட்டை எண்ணிக்கொண்டே வந்து, நடுவில் எந்த எண்ணில் நின்றோம் என்று தெரியாமல் திரும்ப முதலிலிருந்து எண்ணுவேன். மெசேஜ் சத்தம் கேட்டால் இடது கை நடுங்கும். நெஞ்சுதான் கோளாறு என்று நினைத்து ஈ.சி.ஜி. எடுத்தேன், சுத்தமாக இருந்தது. "கேஸ்தான், சாயாவைக் குறைங்க" என்றார் டாக்டர். அம்மா திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். பக்கத்து வீட்டு ஆச்சி, புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய்விட்டு வா என்றாள். போனேன். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் வண்டியை எடுக்கையில் கை பழையபடி நடுங்கியது.

பயந்தது வேறொன்றுக்கு. காருகுறிச்சி தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். எதிரே ஒரு லாரி. "லேசா ஒரு இடி இடிச்சிட்டுப் போனா நல்லாருக்குமே, காலு ஒடிஞ்சா ஒரு மாசம் படுத்துக்கிடலாம்" என்று மனசுக்குள் ஓடியது. சாக வேண்டும் என்றெல்லாம் இல்லை, படுக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். லீவு கேட்பதைவிடக் கால் ஒடிவது லேசு என்று ஒருவனுக்குத் தோன்றினால் அது சாதாரணக் களைப்பு இல்லை. இதே மாதிரி ஒரு நினைப்பு உங்களுக்கு வந்திருந்தால் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்று ஓர் இலவச எண் இருக்கிறது. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் அரசு தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அன்று ராத்திரி நான் மொட்டை மாடியில் நின்று அதற்குத்தான் அடித்தேன். எதிர்முனையில் பேசிய பெண் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தூக்கம், சாப்பாடு, குடி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார்.

அக்கா வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியர். விடுப்பு விதிகளைப் பொறுத்தவரை அவர் ஒரு நடமாடும் அரசாணை. அவரிடம்தான் முதலில் சொன்னேன். அதற்குள் பிராஞ்சில் ஒரு நண்பன், "முதுகு வலின்னு ஒரு சீட்டு வாங்கிப் போட்டுருவே, எதுக்கு வம்பு" என்று யோசனை சொல்லியிருந்தான். அத்தான் தலையை ஆட்டிவிட்டார்.

"மாப்ள, முதுகு வலின்னு சீட்டு வாங்குனா முதுகுக்குத்தான் வைத்தியம் பாக்கணும். நாளைக்கு இன்னும் பத்து நாளு வேணும்னா என்ன சொல்லுவ? கழுத்து வலின்னா? எந்த வியாதியோ அந்த வியாதிக்குத்தான் லீவு."

மனசு சரியில்லை என்பதை மறைக்க ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் என்று போனால், லீவில் இருக்கும் நாளெல்லாம் பிடிபட்டுவிடுவோமோ என்றே போகும். அதற்கு வேலைக்கே போய்விடலாம்.

பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். நம்ம ஊரில் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போட்டு உட்கார்ந்தேன். தெரிந்த முகம் யாராவது கண்ணில் பட்டுவிடுமோ என்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணிலும் பட்டார், எங்கள் கஸ்டமர் ஒருவரின் கணவர். அவர் என்னைப் பார்த்து, "வாங்க சார், நீங்களுமா" என்றார். அதோடு சரி. அவருக்கு அவர் பாடு. இவ்வளவு தூரம் வர முடியாதவர்கள் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் அங்கே வருவதுண்டு. கிழமையைக் கேட்டுக்கொண்டு போனால் வீண் அலைச்சல் இல்லை.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்பது முக்கியம். "ஒரே டென்ஷன் சார்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. நான் முந்தின இரவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எத்தனை மணிக்குப் படுக்கிறேன், எப்போது விழிப்பு வருகிறது, எடை எவ்வளவு குறைந்தது, எந்த வேலையில் தவறு வருகிறது, லாரி விஷயம். லாரி வரி வந்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "திரும்ப அப்படித் தோணுச்சா? தற்கொலை எண்ணம் உண்டா?" என்று நேராகவே கேட்டார். அப்படிக் கேட்டது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தைராய்டு, சர்க்கரை, ரத்தச் சோகை எல்லாவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு கோளாறும் இதே மாதிரி ஆட்டிவைக்குமாம். அதெல்லாம் சரியாக இருந்ததால் பதற்ற நோய், கூடவே மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுத்தார்.

இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு எல்லோரும் பர்ன் அவுட் என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை வேலை சார்ந்த ஒரு நிலை என்று சேர்த்திருக்கிறதே தவிர, நோய் என்று சேர்க்கவில்லை. அதனால் சான்றிதழில் 'வேலை அழுத்தம்' என்று எழுதித் தாருங்கள் என்று டாக்டரிடம் மல்லுக்கட்டாதீர்கள். அவர் கண்டுபிடித்த நோயைத்தான் அவர் எழுதுவார். அதுதான் செல்லும்.

இனிப் பணம். எனக்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உள்ளே இருந்ததால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு உண்டு. சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அது. தலைவலி மாத்திரை வாங்கத்தான் அது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று அதில் இருக்கிறது: சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். உடம்பு நோய்தான் என்றெல்லாம் பிரிப்பது கிடையாது. அதற்குரிய 6 மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் கணக்காகும். முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. தீவிர மனநோய் என்றால் நீண்டகால நோய்ப் பட்டியலில் வரும். அதற்கு 80 சதவீதம், கூடுதல் காலம். என்னுடையது அதில் சேராது.

பணம் வாங்க, உங்களுக்கு ஒதுக்கிய ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தின் மருத்துவர் சான்றிதழ் வேண்டும். ஐகிரவுண்டு சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு முதல் சான்றிதழ் கொடுத்தார். அப்புறம் அவ்வப்போது போய் இடைச் சான்றிதழ், முடிவில் வேலைக்குப் போகலாம் என்று கடைசிச் சான்றிதழ். நடுவில் ஒன்றைத் தவறவிட்டால் அந்த நாட்களுக்குப் பணம் தொங்கும். காசு கைக்கு வரத் தாமதமாகும் என்பதையும் மனசில் வையுங்கள். இன்சென்டிவ், பெட்ரோல் படி எல்லாம் நின்றுபோகும். நாங்கள் சங்கத்தில் ஒரு வளையலை வைத்துத்தான் அந்த இடைவெளியைச் சமாளித்தோம். ஊரெல்லாம் கடன் வசூலிக்கிறவன் நகையை அடகு வைக்கப் போய் நிற்பதைப் பார்த்து என் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டியவர்களுக்கு? கடை, நிறுவனம் என்றால் 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு இருக்கிறது. அதற்கு மேல் கம்பெனி விதி என்ன சொல்கிறது என்று நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேலையில் சேர்ந்த அன்றைக்குக் கையெழுத்துப் போட்டதோடு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கையில் காசு புழங்கும் வேலையில் இருப்பவர்கள் அடுத்த விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். சான்றிதழ் வாங்கியதைவிட எனக்குப் பெரிதாக உதவியது இதுதான். லீவில் போவதற்கு முதல் நாள் பிராஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். அன்றைய வசூல், டேப், சார்ஜர், சிம், பாக்கி இருந்த லோன் கார்டுகள், கேஒய்சி (கஸ்டமரின் அடையாளச் சான்று) நகல்கள் எல்லாம் ஒரு தாளில். சென்டர் வாரியாக யார் எந்தத் தவணை வரை கட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலையும் அச்சிட்டு, பிராஞ்ச் மேனேஜரின் கையெழுத்தும் தேதியும் வாங்கினேன். "என்னவே, ஏதோ கம்பெனியையே எழுதிக் கொடுக்கிற மாதிரி பண்ணுத" என்று அவர் அலுத்துக்கொண்டார். போடட்டும் என்று நின்றேன். கையெழுத்தான தாளைப் போட்டோ எடுத்து என் மெயிலுக்கே அனுப்பி வைத்தேன். லீவின் நடுவில் ஒரு சென்டரில் ஒரு அம்மா, "அந்தத் தம்பிட்ட ரெண்டு தவணை கொடுத்தேனே" என்று சொல்லியிருக்கிறார். ஆடிட்டில் இருந்து போன் வந்தது. பட்டியலை அனுப்பினேன். அந்த அம்மாவே அதற்குப் பிறகு தன் அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்து, வேறு கம்பெனித் தவணையோடு குழம்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அந்தத் தாள் இல்லாவிட்டால் நான் பணத்தைச் சுருட்டிக்கொண்டு லீவு போட்டவன்.

லீவுக் கடிதம் நாலே வரி. மருத்துவர் ஆலோசனைப்படி சிகிச்சையில் இருக்கிறேன், இன்ன தேதியிலிருந்து விடுப்பு வேண்டும், சான்றிதழ் இணைத்துள்ளேன், பொறுப்புகளை இன்னாரிடம் ஒப்படைத்துவிட்டேன். மேனேஜரின் கெடுபிடி, குரூப் வாய்ஸ், நியாய அநியாயம் எதையும் அதில் எழுதவில்லை. அதற்கு வேறு கடிதம், வேறு நாள். மெயிலில் அனுப்பிவிட்டு, தபாலில் பதிவு அஞ்சலும் போட்டேன். மேனேஜர் போனில் கூப்பிட்டு, "உனக்கு என்ன கோட்டியாவே பிடிச்சிருக்கு? எல்லாத்துக்கும்தான் பிரஷர் இருக்கு" என்றார். "சார், டாக்டர் சொல்லியிருக்காரு, மெயில் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். என்ன மாத்திரை, என்ன வியாதி என்று குடைந்தபோதும் அதே பதில்தான். 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது. அதைப் போனில் வாதாடவில்லை, தெரிந்து வைத்திருந்ததே போதுமாக இருந்தது. வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு: ஈ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகை வாங்கும் காலத்தில் பணிநீக்கமோ தண்டனையோ கூடாது என்று, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் வருடத்து ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. இப்போதைய விதியை ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

லீவு நாட்கள் எப்படிப் போயின? முதல் வாரம் தூங்கினேன். பகலிலும் தூங்கினேன். மாத்திரை புதிதில் வயிற்றைப் புரட்டியது, மந்தமாக இருந்தது. கொஞ்ச நாளைக்கு வண்டி எடுக்காதே என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மாத்திரை பிடிப்பதற்கு இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும் என்பதையும் சொல்லியிருந்தார். அது தெரியாவிட்டால் பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடத் தோன்றும். நன்றாக ஆனபிறகும் அவராகக் குறைக்கும்வரை நாமாக நிறுத்தக் கூடாது.

இரண்டாவது வாரம்தான் ரொம்ப மோசம். உடம்பு தெளிந்ததும் குற்ற உணர்ச்சி வந்து உட்கார்ந்துகொண்டது. ஊரெல்லாம் வேலைக்குப் போகிறது, நான் வீட்டில் இருக்கிறேன். குரூப்பை மியூட் போட்டிருந்தாலும் கை தானாக அதைத் திறக்கும். கடைசியில் மனைவி அந்தப் போனை வாங்கி அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு, பட்டன் போன் ஒன்றைக் கையில் கொடுத்தாள். தெருவில் கேட்பவர்களுக்கு, "மேலுக்குச் சொகமில்ல, மருந்து ஓடுது" என்றேன். பொய்யுமில்லை, அதற்கு மேல் யாரும் கேட்பதுமில்லை. சொந்தக்காரர்கள் குற்றாலத்தில் ஒரு குளி குளித்தால் எல்லாம் போய்விடும் என்றார்கள். சீசன் என்பதால் போனோம். அருவி நன்றாகத்தான் விழுந்தது. திரும்பி வந்து மாத்திரையும் போட்டேன்.

காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதே என்றார் டாக்டர். எனவே ஐந்தரைக்கு எழுந்து ஆற்றங்கரை வரை நடை. அப்புறம் கவுன்சலிங். அங்கே கற்றதில் எனக்குப் பிடித்தது ஒன்று: ஒரு நாளில் எது என் கையில் இருக்கிறது, எது இல்லை என்று தாளில் இரண்டாகப் பிரித்து எழுதுவது. பீடிக் கடை என்றைக்குக் கூலி போடும் என்பது என் கையில் இல்லை. இவ்வளவு காலமும் அதற்காகத்தான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

திரும்பப் போகும்போது சும்மா போய் நிற்காதீர்கள். கடைசிச் சான்றிதழோடு, மேலிடத்து எச்.ஆருக்கு மூன்று விஷயம் எழுதிக் கேட்டேன்: சென்டர் எண்ணிக்கையைக் குறைப்பது, ராத்திரி எட்டு மணிக்குமேல் மெசேஜுக்குப் பதில் கேட்காமல் இருப்பது, கொஞ்ச காலத்துக்குப் பிராஞ்சுக்குள் வேலை. முதலாவது மட்டும் கிடைத்தது. முக்கூடல் பக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். மெசேஜ் பழையபடிதான், நான்தான் ராத்திரியில் போனைப் பார்ப்பதை நிறுத்தினேன். மேனேஜர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்புறம் ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, ஐகிரவுண்டில் எந்தக் கிழமை போனால் கூட்டம் குறைவு என்று கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பிறகு நோட்டீஸ் கொடுத்து, ரிலீவிங் லெட்டர் வாங்கி, வேறு வேலைக்கு மாறினேன். நேர்காணலில் சம்பளச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாதங்களில் ஏன் குறைவு என்று கேட்டார்கள். மருத்துவ விடுப்பு என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, டூவீலர் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள்.